நாள் முழுக்க நிற்கும் கால்களுக்கு என்ன வேண்டும்?

கேள்வி: எனக்கு வயது 46. சிகை அலங்காரக் கடை வைத்திருக்கிறேன். இருபது வருடத்துக்கும் மேலாகக் காலையிலிருந்து இரவு வரை நின்றே வேலை. சில வருடங்களாக இடது காலில் முழங்காலுக்குக் கீழே நரம்பு புடைத்துச் சுருண்டு தெரிகிறது. சாயங்காலம் ஆனால் இரண்டு காலும் கனக்கிறது, சாக்ஸ் தடம் ஆழமாகப் பதிகிறது. இடது கணுக்காலின் உட்பக்கம் அரிப்பு இருக்கிறது, அங்கே தோலும் பழுப்பாகிவிட்டது. உழைக்கிற காலுக்கு ஓய்வு கொடுக்கலாம் என்று காலை நடையை நிறுத்திவிட்டேன். இரவில் வெந்நீரில் கால் வைத்து உட்காருகிறேன். பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். என் அம்மாவுக்கும் இதே தொந்தரவு இருந்து, கடைசியில் ஆறாத புண்ணானது. இது பெண்களுக்கு வருவதுதானே, எனக்கு ஏன் வந்தது? அழுத்தக் காலுறை போட்டால் கால் பலவீனமாகிவிடுமா? ஆபரேஷன் இல்லாமல் பழக்கத்தாலேயே சரிசெய்ய முடியுமா? என் மகனும் இப்போது என்னிடம் தொழில் பழகுகிறான். அவனுக்கு வராமல் தடுக்க வழி உண்டா?

பதில் (ரத்தநாள அறுவை சிகிச்சை மருத்துவர்):

காலை நடையை நாளைக்கே மறுபடி தொடங்குங்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் வருத்தம் தந்தது நீங்கள் அதை நிறுத்தியதுதான். நாளெல்லாம் நின்ற காலுக்கு நடையும் சேர்ந்தால் சுமை கூடும் என்று நினைத்துவிட்டீர்கள். கால் சிரைகளை, அதாவது நீங்கள் நரம்பு என்று சொல்லும் ரத்தக்குழாய்களைப் பொறுத்தவரை, நிற்பதும் நடப்பதும் ஒன்றுக்கொன்று எதிரான காரியங்கள். நிற்கும்போது அவை வதைபடுகின்றன, நடக்கும்போதுதான் அவற்றுக்கு ஓய்வு கிடைக்கிறது.

இது எப்படி என்று கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். இதயம் அனுப்பும் ரத்தம் தமனி வழியாகக் காலுக்கு இறங்கி வருகிறது, திரும்பிப் போவது சிரை வழியாக. சிரைக்குள் ரத்தம் மேலே ஏற வேண்டும், ஆனால் தள்ளிவிட இதயத்தின் விசை அங்கே அநேகமாக மிஞ்சியிருப்பதில்லை. அந்த வேலையைச் செய்வது கெண்டைக்கால் தசை. அது ஒவ்வொரு முறை இறுகும்போதும் உள்ளே இருக்கும் சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. தள்ளியது கீழே இறங்கிவிடாமல் தடுக்க, வழிநெடுக ஒருவழிக் கதவு போல வால்வுகள் இருக்கின்றன. இந்த வால்வுகளை இத்தாலிய உடற்கூறியல் அறிஞர் ஃபாப்ரிசியஸ் 1603-லேயே படம் போட்டுக் காட்டினார். அவை எதற்காக என்பதை விளக்கியவர் அவருடைய மாணவரான ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி, 1628-ல். அவர் செய்த சோதனையை நீங்களும் செய்து பார்க்கலாம். முன்கையில் புடைத்துத் தெரியும் ஒரு சிரையை, மணிக்கட்டுப் பக்கம் ஒரு விரலால் அழுத்திப் பிடியுங்கள். இன்னொரு விரலால் முழங்கைப் பக்கமாக நீவி, நீவிய விரலை எடுங்கள். வால்வு இருக்கும் இடம் வரைதான் ரத்தம் திரும்பி வரும், அதற்குக் கீழே சிரை வெறுமையாகவே இருக்கும்.

இப்போது எண்களைப் பாருங்கள். படுத்திருக்கும்போது கணுக்கால் சிரையில் அழுத்தம் 10 மி.மீ. பாதரசத்தையொட்டித்தான் இருக்கும். அசையாமல் நின்றால் அது 80, 90 என்று ஏறிவிடும். நடக்கத் தொடங்கினால், ஏழெட்டு அடி வைப்பதற்குள் 30-க்கும் கீழே இறங்கிவிடும். இது நல்ல வால்வு உள்ளவர்களுக்கு. நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டால் 50, 60-ல் நிற்கும். எனவே கடையை மூடியபின் காலைத் தொங்கவிட்டு உட்காருவதைச் சிரைகள் ஓய்வாக எடுத்துக்கொள்வதில்லை. அந்த அழுத்தம் வருடக்கணக்கில் தாக்கும்போது சிரையின் சுவர் விரிகிறது, வால்வின் இதழ்கள் ஒன்றோடொன்று சேராமல் போகின்றன, ரத்தம் கீழே கசிகிறது, அழுத்தம் இன்னும் கூடுகிறது. உங்கள் இடது காலில் நடந்திருப்பது இதுவாகத்தான் இருக்கும். இப்படிப் புடைத்துச் சுருண்ட சிரையைத்தான் வெரிகோஸ் வெயின் என்கிறோம்.

இன்னொன்றும் இருக்கிறது. நடந்து அழுத்தம் இறங்கியபின் நின்றுவிட்டால், நல்ல காலில் சிரைகள் மறுபடி நிரம்ப 20 வினாடிக்கு மேல் ஆகும். வால்வு கசியும் காலில் அதைவிட வேகமாக நிரம்பிவிடும். ஆகவே காலையில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு மீதி நாள் முழுக்க அசையாமல் நிற்பது உங்களுக்குப் போதாது. நடையும் வேண்டும், நாளெல்லாம் சின்னச் சின்ன அசைவும் வேண்டும். இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்று நீங்கள் சொன்னால், அசைவைத்தான் தேர்ந்தெடுக்கச் சொல்வேன்.

சரி, கடையில் என்ன செய்யலாம்? நாற்காலியைச் சுழற்றிச் சுழற்றி, நீங்கள் ஒரே இடத்தில் நின்றுதான் வெட்டுவீர்கள் என்று நினைக்கிறேன். அதை மாற்றுங்கள். நாற்காலி நிற்கட்டும், நீங்கள் சுற்றி வாருங்கள். ஒரு தலைக்கு இரண்டு சுற்று வந்தாலே கெண்டைக்கால் எத்தனையோ முறை இறுகிவிடும். நாற்காலியை உங்கள் உயரத்துக்கு ஏற்றி வைத்தால் முதுகும் பிழைக்கும். தலை அலசும்போது, டிரையர் பிடிக்கும்போது, டை கலக்கும்போது குதிகால்களைத் தூக்கி இறக்குங்கள், பத்துப் பத்து முறையாக. கத்தி கையில் இருக்கும்போது வேண்டாம். வாடிக்கையாளர் எழுந்து அடுத்தவர் உட்காரும் இடைவெளியில் வாசல் வரை ஒரு நடை போய் வாருங்கள். காலுக்குக் கால் எடையை மாற்றி மாற்றி நிற்பது இடுப்புக்குச் சுகம் தரும், ஆனால் கெண்டைக்கால் இறுகாததால் சிரைக்கு அதனால் பெரிய லாபம் இல்லை.

செருப்போ ஷூவோ, குதிகால் தாழ்வாகவும் முன்பாதம் நன்றாக மடங்கும்படியும் இருக்கட்டும். கணுக்கால் முழுசாக அசைந்தால்தான் கெண்டைக்கால் முழுசாக இறுகும். வருடக்கணக்கில் வீங்கிய கால்களில் கணுக்கால் மெல்ல விறைத்துப்போவதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். அப்படி விறைத்த காலில் நடையின் பலன் பாதியாகிவிடுகிறது. அதனால் காலையில் எழுவதற்கு முன் படுக்கையிலேயே பாதத்தை மேலும் கீழும் ஆட்டுங்கள், வட்டமாகச் சுழற்றுங்கள். இரண்டு நிமிடம் போதும்.

மதியம் ஒரு பதினைந்து நிமிடம் கிடைக்குமா? கிடைத்தால் தரையில் பாய் விரித்துப் படுத்து, கெண்டைக்கால்களை ஒரு நாற்காலி மேல் வைத்துக்கொள்ளுங்கள். கணுக்கால் இதயத்தின் மட்டத்தைவிட உயரத்தில் இருக்க வேண்டும், கணக்கு அவ்வளவுதான். முக்காலி மேல் காலை நீட்டி உட்கார்ந்தால் கால் இதயத்துக்குக் கீழேதான் இருக்கிறது, அது அரைகுறை. இரவில் கட்டிலின் கால்மாட்டுப் பக்கத்துக்கு அடியில் 15 செ.மீ. உயரக் கட்டை வைப்பது பலருக்கு நன்றாக உதவுகிறது. இதய பலவீனமோ படுத்தால் மூச்சு வாங்கும் தொந்தரவோ இருப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.

அந்த வெந்நீரை விட்டுவிடுங்கள். சூடு பட்டால் சிரைகள் இன்னும் விரியும். இதமாக இருப்பது உண்மைதான், ஆனால் நாளெல்லாம் விரிந்து கிடந்த சிரைகளைக் காலைத் தொங்கவிட்டபடி மேலும் விரிக்கிறீர்கள். சாதாரணத் தண்ணீரால் கணுக்காலிலிருந்து முழங்கால் வரை கழுவிவிட்டு, காலை உயர்த்திப் படுத்தால் அதே இதம் நேர்வழியில் கிடைக்கும்.

கால் மேல் கால் போடுவதால் இது வருகிறதா என்று எல்லோரும் கேட்பார்கள். அதற்கு ஆதாரம் இல்லை. உடல் எடை கூடுதலாக இருப்பதும், மலச்சிக்கலால் நாள்தோறும் முக்குவதும், இடுப்பை இறுக்கும் உடையும் அதைவிட முக்கியம். மூன்றுமே வயிற்றுக்குள் அழுத்தத்தை ஏற்றிக் காலிலிருந்து ரத்தம் திரும்புவதைத் தடுக்கின்றன. புகைப் பழக்கம் இருந்தால் விடுங்கள். அது தமனியையும் கெடுக்கும், தமனி கெட்டால் காலுறைகூடப் போட முடியாமல் போகும்.

காலுறை என்று சொன்னதும் உங்கள் பயத்துக்கு வருகிறேன். அழுத்தக் காலுறை போட்டால் கால் பலவீனமாகாது. அது தசையின் வேலையைப் பறிப்பதில்லை, தசை இறுகும்போது வெளியிலிருந்து ஒரு பிடிமானம் கொடுத்து அந்த இறுக்கத்தை இன்னும் பயனுள்ளதாக்குகிறது. இது உருவான கதை எனக்குப் பிடித்தது. கான்ராட் ஜாப்ஸ்ட் என்பவர் அமெரிக்காவில் வாழ்ந்த ஒரு பொறியாளர், அவருக்கே காலில் சிரைப் புண் தொந்தரவு இருந்தது. நீச்சல் குளத்தில் நிற்கும்போது மட்டும் வலி குறைவதைக் கவனித்தார். ஆழம் கூடக் கூடத் தண்ணீரின் அழுத்தம் கூடுகிறது, அதாவது கணுக்காலில் அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் இருக்கிறது. அதே அழுத்தத்தைத் துணியில் கொண்டுவர முடியாதா என்று முயன்று, 1950 வாக்கில் படிப்படியான அழுத்தம் தரும் காலுறையைச் செய்தார். இன்று நாங்கள் எழுதிக் கொடுப்பதும் அதே தத்துவத்தில் செய்ததுதான். கணுக்காலில் இறுக்கம், மேலே தளர்வு. சாதாரண இறுக்க சாக்ஸில் இது தலைகீழ், மேலே இருக்கும் எலாஸ்டிக்தான் இறுக்கும். உங்களுக்குத் தடம் பதிவது அங்கேதான்.

உங்களைப் போன்றவர்களுக்கு முழங்கால் வரை வரும், 20 முதல் 30 மி.மீ. அழுத்தம் உள்ள காலுறையைத்தான் பெரும்பாலும் சொல்வோம். ஆனால் நீங்களாகப் போய் வாங்க வேண்டாம். முதலில் பாதத்தில் நாடி சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தமனியில் அடைப்பு இருக்கும் காலில் இறுக்கமான காலுறை போட்டால், போய்ச் சேர வேண்டிய ரத்தமும் தடைபட்டுவிடும். சர்க்கரை நோய் உள்ளவர்கள், புகைப்பவர்கள், கொஞ்சம் நடந்ததும் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு நின்றதும் சரியாகிறவர்கள் இந்தப் பரிசோதனையைத் தவிர்க்கவே கூடாது. அளவெடுப்பதும் காலையில், வீக்கம் இல்லாதபோதுதான். எழுந்ததும் கால் வீங்குவதற்கு முன் போட்டுவிடுங்கள், படுக்கும்போது கழற்றுங்கள். ஏற்றுவது கஷ்டமாக இருந்தால் ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு ஏற்றுங்கள், பிடி வழுக்காது. குதிகால் பகுதி குதிகாலிலேயே உட்கார வேண்டும், சுருக்கம் இருக்கக் கூடாது. மேல் விளிம்பை மடித்து விடவே கூடாது. மடித்த இடத்தில் அழுத்தம் இரட்டிப்பாகும். விரல்கள் நீலமாகிறதோ மரத்துப்போகிறதோ என்றால் உடனே கழற்றிவிட்டு டாக்டரைப் பாருங்கள். தினமும் துவைத்துப் போட்டால், நான்கைந்து மாதத்தில் அதன் இறுக்கம் தளர்ந்துவிடும், மாற்றிவிடுங்கள். உங்கள் தொழிலில் வெட்டிய முடி உள்ளே போய்க் குத்தும், அதனால் மேலே முழுநீளக் கால்சட்டை போடுங்கள். கழற்றியதும் காலைக் கழுவி, தோலைக் கவனித்துப் பாருங்கள்.

காலுறை கனத்தையும் வீக்கத்தையும் குறைக்கும். ஏற்கனவே சுருண்ட நரம்பை அது பழையபடி ஆக்காது. நடையும் ஆக்காது, எந்தத் தைலமும் ஆக்காது. கெட்டுப்போன வால்வு பழக்கத்தால் திரும்புவதில்லை, இதை உங்களுக்கு மறைக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது. மேற்கொண்டு கெடும் வேகத்தைக் குறைப்பது, சாயங்கால வேதனையைப் போக்குவது, தோலைக் காப்பாற்றுவது ஆகிய மூன்றும்தான் பழக்கங்களால் முடியும். இந்த மூன்றுமே சின்ன விஷயங்கள் அல்ல.

தோலைக் காப்பாற்றுவது பற்றிச் சொல்லும்போதுதான் உங்கள் கணுக்கால் எனக்குக் கவலை தருகிறது. சிரையில் அழுத்தம் மிகுந்து ரத்தச் சிவப்பணுக்கள் தோலுக்குள் கசிந்து, அவற்றிலுள்ள இரும்பு அங்கேயே தங்குவதால்தான் பழுப்பு நிறம் வருகிறது. கூடவே அரிப்பும் இருக்கிறது. இது புண் வருவதற்கு முந்தைய கட்டம். உங்கள் அம்மாவுக்கு வந்த புண்ணும் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கியிருக்கும். சொறியாதீர்கள், நகக்கீறல் ஒன்று போதும் புண்ணுக்கு. வாசனை சேராத மாய்ஸ்சரைசரைக் கால் கழுவி ஈரம் ஒற்றியதும் தடவுங்கள், இரவில் தடவினால் காலுறையும் வீணாகாது. கடுமையான சோப்பு வேண்டாம். ஆனால் இதோடு நிற்கக் கூடாது. தோல் நிறம் மாறியவர்கள் பழக்கங்களை மட்டும் நம்பி இருக்கக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்த மாதத்துக்குள் ரத்தநாள மருத்துவரைப் பாருங்கள்.

ஆபரேஷன் என்ற சொல் உங்களைப் பயமுறுத்த வேண்டாம். தொடைவரை கீறி நரம்பை உருவி எடுத்த காலம் பெரும்பாலும் போய்விட்டது. கசியும் சிரைக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி, லேசர் அல்லது ரேடியோ அலைச் சூட்டால் அதை உள்ளிருந்தே மூடிவிடுகிறார்கள். அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து இதைச் செய்யலாம், அன்றே நடந்து வீட்டுக்குப் போகலாம். ரத்தம் ஆழத்தில் உள்ள நல்ல சிரைகள் வழியாகப் போய்க்கொள்ளும். இங்கிலாந்தில் சிகிச்சை வழிமுறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2013-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும், இப்படிச் சிகிச்சை செய்ய முடிகிறவர்களுக்குக் காலுறையை மட்டும் கொடுத்து அனுப்ப வேண்டாம் என்றுதான் சொல்கிறது.

பிரஷர் மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. அது அம்லோடிபைனாக இருந்தால், இரண்டு காலிலும் வரும் வீக்கத்தில் அதற்கும் பங்கு இருக்கலாம், அது அந்த மருந்தின் தெரிந்த பக்கவிளைவு. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எழுதிக் கொடுத்த டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைக்கவோ வேறு மருந்துக்கு மாற்றவோ முடியும். சில வலி மாத்திரைகளும் ஸ்டீராய்டும் இதேபோல் நீர் கோர்க்க வைக்கும். கால்வலிக்கு அடிக்கடி மாத்திரை போடுகிறவராக இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

எப்போது காத்திருக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, கெண்டைக்கால் வலித்துச் சூடாக இருந்தால் ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். தேய்க்காதீர்கள், நீவாதீர்கள், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அதோடு மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ இருந்தால் அது அவசர சிகிச்சைக்கு உரியது. அசையாமல் 4 மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்தால் இந்த உறைவின் ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. ஆரோக்கியமானவர்களுக்கு அது ஏறத்தாழ 6,000-ல் ஒருவருக்கு என்ற அளவுதான். உங்கள் காலுக்கு, நீண்ட பயணத்தில் இடையிடையே எழுந்து நடப்பது அவசியம்.

புடைத்த நரம்பு உடைந்து ரத்தம் வந்தால், உடனே படுங்கள். காலை உயர்த்தி, சுத்தமான துணியை அந்த இடத்தின் மேலேயே வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். அழுத்தம் சரியாகக் கொடுத்தால் பெரும்பாலும் நின்றுவிடும். பிறகு மருத்துவரைப் பாருங்கள், நிற்காவிட்டால் அவசர உதவியை அழையுங்கள். உட்கார்ந்தபடியே தொடையில் கயிறு கட்டுவதுதான் ஆபத்து, சிரை ரத்தம் திரும்ப வழியில்லாமல் இன்னும் பெருகும். இதை வீட்டாருக்கும் கடையில் இருப்பவர்களுக்கும் சொல்லி வையுங்கள்.

பெண்களுக்குத்தான் இது வரும் என்பது சரியல்ல. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் 18 முதல் 64 வயது வரையுள்ள 1,566 பேரைப் பரிசோதித்து 1999-ல் முடிவு வெளியிட்டார்கள். பெரிய சிரைகள் சுருண்டிருந்தவர்கள் ஆண்களில் 40 சதவீதம், பெண்களில் 32 சதவீதம். கர்ப்பகாலம் பெண்களுக்கு இதைக் கொண்டுவருவது உண்மைதான், ஆனால் ஆண்கள் கால்சட்டைக்குள் மறைத்துக்கொண்டு புண் வந்த பிறகுதான் வருகிறார்கள். நீங்கள் அதற்கு முன்பே எழுதியதில் எனக்கு நிம்மதி.

மகன் விஷயம். பரம்பரைக்கு இதில் நிச்சயம் பங்கு உண்டு. 1994-ல் வெளியான ஒரு சிறிய பிரெஞ்சு ஆய்வில், பெற்றோர் இருவருக்கும் இருந்தால் பிள்ளைகளில் 90 சதவீதம் பேருக்கும், ஒருவருக்கு மட்டும் இருந்தால் மகன்களில் 25 சதவீதம், மகள்களில் 62 சதவீதம் பேருக்கும் வந்திருந்தது. வரவே வராது என்று எந்தப் பழக்கத்தையும் காட்டி என்னால் உறுதி தர முடியாது. காலுறை இப்போதே போட்டால் வராது என்பதற்கும் ஆதாரம் இல்லை. ஆனால் தொழில் பழகும்போதே நாற்காலியைச் சுற்றி நடந்து வெட்டக் கற்றுக்கொள்ளட்டும். உங்களுக்கு இருபது வருடப் பழக்கத்தை மாற்ற வேண்டியிருக்கிறது, அவனுக்கு அது முதல் நாளிலிருந்தே இயல்பாகிவிடும். சாயங்காலம் கால் கனக்கத் தொடங்கினால் அப்போது காலுறை பற்றி யோசிக்கலாம்.

மருத்துவரிடம் போகும்போது, எளிதில் மேலே தூக்கிவிடக்கூடிய தளர்வான உடை போட்டுப் போங்கள். முடிந்தால் மாலையில் போங்கள், வீக்கம் எவ்வளவு என்பது அவருக்கும் தெரியும். ஒலியலையால் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுப்பார்கள், ஊசியோ வலியோ இல்லை. சிரை கசிகிறதா என்பதைப் பார்க்கும் பகுதியை நிற்க வைத்து எடுக்க வேண்டும், படுத்த நிலையில் மட்டும் எடுத்தால் கசிவு தப்பிவிடலாம். அதனால் நின்ற நிலையிலும் பார்க்கிறீர்களா என்று தயங்காமல் கேளுங்கள். சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள். அம்மாவுக்குப் புண் எந்த வயதில், எந்த இடத்தில் வந்தது என்பதையும் சொல்லுங்கள்.